கிளச் இல்லாத காரும் ஒரு கணக்குப் பேப்பரும்

காலை 6.52. மகளுக்கு ஓ.எல். பரீட்சை; கணக்குப் பேப்பர் எட்டரைக்கு. கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து மறுகோடி கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும். மகளைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்றொரு சத்தம். அவ்வளவுதான்.

என் கார் கொஞ்சம் வித்தியாசமானது. பதினைந்து வயதான, மலிவான, சின்னக் கார். கியர் உண்டு, கிளச் பெடல் கிடையாது. கிளச்சை ஒரு குட்டி மோட்டார் தானே மிதித்து, தானே கியர் மாற்றும். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் காலி வீதியின் நெரிசலில் என் இடது காலுக்கு நிரந்தர விடுமுறை. பெட்ரோலும் குருவி குடிக்கிற மாதிரித்தான் குடிக்கும். ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகும்போது மட்டும் ஒரு கணம் யோசிக்கும்... உள்ளே இருக்கிற எல்லோருடைய தலையும் முன்னால் போய் வரும். என் மகள் அபி நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற ஒரே இடம் அதுதான். எனக்குப் பிடிக்காமல் இருக்குமா?

அன்று பற்றரி இறங்கியிருந்தது. காரணம்? நான்தான். பரீட்சை அட்மிஷன் கார்ட்டை மறந்துவிடக் கூடாதென்று முதல்நாள் மாலையே அதைக் காரில் வைத்தேன். வைத்தது நிச்சயம்தானா என்று மூன்று தடவை வந்து பார்த்தேன். மூன்றாம் தடவை உள் லைட்டை அணைக்கவில்லை. பிள்ளைகளுக்காக நாம் எடுக்கும் முன்னெச்சரிக்கைகளின் இலட்சணம் இதுதான்.

“எனக்கு வழி விடுங்க தங்கச்சி, என்ட கார்ல புள்ளய கொண்டு போறன்” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன், பாரூக் நானா.

நல்ல யோசனை. ஆனால் அவருடைய காருக்கு முன்னால் நிற்பது என் கார். எங்கள் ஃபிளாட்டில் இடம் குறைவு. ஒன்றின் பின் ஒன்றாகத்தான் நிறுத்துவோம். அதற்கு ஒரு சட்டம் உண்டு — கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல், சில்லுக்கு ஒரு கல் வைக்க வேண்டும். உள்ளே அகப்பட்டவர் தள்ளிவிட்டுப் போகலாம். மூன்று வருடமாக ஒழுங்காக நியூட்ரலில்தான் விடுகிறேன்.

கல்லை எடுத்தோம். நானாவும், ஃபிளாட் வாசலைக் காக்கும் வோச்சர் பியசேனவும் தள்ளினார்கள். கார் அசையவே இல்லை.

“நியூட்ரல் த, மிஸ்?” என்று சிங்களத்தில் கேட்டார் பியசேன.

“நியூட்ரல்தான்! இந்தா, கைப்பிடி N-இலதானே நிக்குது!”

“கிளச்ச மிதிங்க பாப்பம்” என்றார் நானா. குனிந்து பார்த்தார். “அல்லாஹ்! கிளச்ச காணோமே! யாராச்சும் கழட்டிட்டு போய்ட்டானா?”

பிறகுதான் விளங்கியது. நான் எப்போதும் முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, அதன் பிறகே கியரை N-க்குத் தள்ளுகிறவள். எஞ்சினை நிறுத்தினால் மோட்டாருக்கும் தூக்கம். கைப்பிடி N-இல் நிற்கும். உள்ளே கியர் முதலாவதிலேயே பூட்டிக் கிடக்கும். தினமும் முதல் ஆளாக வெளியே போவது நான் என்பதால், மூன்று வருடத்தில் யாருக்கும் அதைத் தள்ளிப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை.

மூன்று பேரும் நின்று மும்முரமாக விவாதித்தோம். கடைசியில், “அபி, இறங்கு, ஆட்டோ பிடிப்பம்” என்று திரும்பினேன்.

சீட் காலி. அட்மிஷன் கார்ட்டும் இல்லை.

“புள்ள ட்ரெய்ன்ல போறன் எண்டு ஒங்கள்ட்ட சொல்லிட்டுத்தானே போச்சு?” என்றார் நானா. “நீங்கதான் ‘ம்’ எண்டீங்க.”

நான் ‘ம்’ என்றேனா?

பத்து வருடமாக அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது நான். அவள் தனியாக ரயில் ஏறியதே இல்லை. கோட்டை ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். பரீட்சை என்பதால் போனும் கையில் இல்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயிலின் பின்பக்கம்தான் தெரிந்தது.

ஆட்டோ பிடித்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் என் மனக்கண்ணில் அபி ஒரு பிழையான பஸ்ஸில் ஏறினாள். நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு ஐம்பது. கேட் பூட்டியிருந்தது. “வந்த பிள்ளையள் எல்லாம் உள்ளுக்குத்தான்” என்றார் காவலாளி. வராத பிள்ளையைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்?

எதிர்ப்பக்கத்துக் கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் இரண்டு தடவை பிளேன்டீ தந்தார். இரண்டும் ஆறிப் போயின.

பரீட்சை முடிந்து கேட் திறந்தது. வெள்ளைச் சீருடைகள் கும்பலாக வந்தன. ஒன்றும் அவளில்லை. இன்னொரு கும்பல். அதிலும் இல்லை. எல்லாருக்கும் கடைசியாக, சிநேகிதியோடு கடைசிக் கணக்கைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு வந்தாள் அபி. வியர்வையில் ஊறி நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆட்டோவிலயா வந்தனீங்கள்? ட்ரெய்னில வந்திருக்கலாமேம்மா... நல்ல கடல் காத்து.”