இடைவெளியை வெட்டுகிறவர்

கழக்கூட்டத்தில் பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்வது எங்கள் வேலை. சூப்பர்வைசர் பாறசாலைக்காரர். நெற்றியில் சந்தனம், சட்டைப்பை நிறைய ஆரஞ்சு மிட்டாய். நாடாவில் பேச்சு நின்றால் அவருக்குப் பொறுக்காது. மிட்டாயைக் கடக்கென்று கடித்துக்கொண்டே அந்த இடைவெளியை வெட்டிவிடுவார்.

அலாஸ்காவிலிருந்து அதபாஸ்கன் என்ற பழங்குடியினரின் மொழி ஒன்றின் பதிவுகள் வந்தன. அதைப் பேச மிஞ்சியிருந்த சிலரில் இரண்டு கிழவிகளின் உரையாடல். ஒருத்தி முடித்ததும் மற்றவள் வெகுநேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அது அவர்கள் ஊர் மரியாதையாம். சூப்பர்வைசர் வெட்டி முடித்தபோது இருவரும் சந்தைச் சண்டை போடுவதுபோல் கேட்டது. அதைக் கேட்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கடைசி நாடாவில் ஒருத்திதான் இருந்தாள். மற்றவள் செத்துப்போயிருந்தாள். இவள் எதையோ கேட்டாள், காத்திருந்தாள், மறுபடி கேட்டாள்.

“சார், இதையாவது விட்டிரலாமே,” என்றேன்.

“எதுக்குடே? பதில் சொல்லத்தான் ஆளு இல்லையே. பின்ன நடுவுல என்னத்துக்குக் கேப்பு?”

வெட்டினார். கிழவி மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டே போனாள். அவர் எனக்கும் ஒரு மிட்டாய் நீட்டினார். நல்ல மனிதர், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்காமல் ஒருநாளும் தின்றதில்லை.