விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எனக்கு நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

நானும் மேப்பும் பதினோரு வருடமாக ஒரு டிராவல் ஏஜென்சியில் ஒரே மேஜையில் டிக்கெட் போடுகிறவர்கள். எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். நடமாடும் வரைபடம், அதனால்தான் அவனுக்கு 'மேப்பு' என்ற பட்டப்பெயர். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சொந்த வீட்டு அவசரத்துக்கு நாமே டிக்கெட் போட்டால் கை பதறும், தேதி மாறிவிடும். ஆகவே என் டிக்கெட்டை அவன் போடுவான், அவன் டிக்கெட்டை நான்.

அன்று காலை 9.40. அப்பா இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பேசினார். சாயங்காலம் தாண்டாதாம். என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். ஆறு வருடத்துக்கு முன்பு, என் முகத்திலேயே விழிக்காதே என்று துரத்திவிட்ட அப்பா.

சாலையில் ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். ஒன்பது மணி நேரம். விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம்தான். 11.20க்கு ஒன்று இருந்தது. மேப்பு திரையைத் தட்டினான். என்னைப் பார்க்கவில்லை.

"சீட் இல்லடா. கார்லயே கிளம்பு."

அவன் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது. 10.15க்குக் கிளம்பிவிட்டேன்.

11.20. மேடு பள்ளமே இல்லாத நெடுஞ்சாலை. திடீரென்று இரண்டு காதும் அடைத்தன... விமானம் மேலே ஏறும்போது அடைக்குமே, அப்படி.

ஜன்னலை இறக்கினேன். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே பல் கிட்டிக்கொள்ளும் குளிர். என் காரில் ஏ.சி. கெட்டு இரண்டு மாதமாகிறது. தலைக்கு மேலே எங்கோ... "டிங்."

12.30. சக்கரங்கள் எதிலோ இறங்கியது போல ஒரு குலுக்கல். காது திறந்துகொண்டது. இறங்கிப் பார்த்தேன். பள்ளமும் இல்லை, கல்லும் இல்லை.

1.15. ஸ்டியரிங்கில் இருந்த என் கையை... யாரோ பிடித்தார்கள்.

ஐந்து விரல்கள். எலும்பும் தோலுமாக. சில்லென்று.

பக்கத்து சீட் காலி.

பிடி இறுகியது...

அலறினேன். உதறினேன்.

விட்டுவிட்டது.

7.25க்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா 1.20க்கே போய்விட்டிருந்தார். அண்ணன் என் கண்ணைப் பார்க்காமல் நழுவினான். சந்தேகம் தட்டியது. மேப்புக்குப் போன் போட்டு உலுக்கினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு ஒன்பது மணி நேரம்தான் தாங்கியது. அந்த விமானத்தில் முப்பத்தொரு சீட் காலியாம்.

"உங்கண்ணன்தான்டா காலையிலயே போன் போட்டு கேட்டுக்கிட்டாரு. நீயும் அப்பாவும் சேந்துடக் கூடாதுன்னு..."

கூடவே இருந்து குழி பறித்திருக்கிறார்கள். ஒருவன் கூடப்பிறந்தவன், ஒருவன் கூட உட்கார்ந்தவன்.

நேரத்துக்கு வர முடியாமல் போய்விட்டதே என்று அந்த நர்ஸிடம் அழுதேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வையாளர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். 1.10. என் பெயர். என் கையெழுத்து.

"மத்தியானமே வந்தீங்களே சார். அப்பா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்பு கேட்டாரு."

நோட்டை மூடினார்.

"நீங்கதான் உதறிட்டுப் போயிட்டீங்க."