சேற்றில் நின்ற லாரி

கேழ்வரகு முளைவிடும்போது ஒரு வாசனை வரும். நனைந்த சாக்கும் பச்சைப் புல்லும் புளிக்கத் தொடங்கிய கூழும் சேர்ந்தாற்போன்ற அந்த வாசனை, நவராத்திரிக்கு முந்தின வாரமே எங்கள் ராசிபுரத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் கூடம் முழுக்கப் பரவிவிடும். கொலுப்படிகளில் ஏறும் பொம்மைகள் தலைமை ஆசிரியை அம்மாளின் பொறுப்பு; படிகளுக்குக் கீழே, தரையில், வகுப்புக்கு ஒரு "காட்சி" அமைப்பது பிள்ளைகளின் பொறுப்பு. மண்ணைக் கொட்டி, கேழ்வரகும் கம்பும் தூவித் தண்ணீர் தெளித்து, முளைத்து வருகிற பயிரையே காடாகவும் வயலாகவும் வைத்துக்கொண்டு, ஒரு வகுப்பு கண்ணன் மாடு மேய்ப்பதைச் செய்யும், இன்னொரு வகுப்பு வாரச்சந்தையைச் செய்யும். யுத்தம் முடிந்த மறு வருஷம், ஐந்தாம் வகுப்பில் இருந்த நானும் என் சிநேகிதி செல்லம்மாவும் மற்றப் பிள்ளைகளைப் பேசி மடக்கி, எங்கள் காட்சி பர்மா யுத்தந்தான் என்று முடிவு செய்துவிட்டோம்.

அந்தத் துணிச்சலுக்குக் காரணம் என் மாமா. எங்களுடையது தறிக்காரர் வீடு. அம்மாவுக்கு ஒரே தம்பி பழனி மாமா. சின்ன வயதில் தாயை இழந்த அவரை அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஓடிய பஸ் ஒன்றில் டிரைவராக இருந்தவர், யுத்தம் மூண்டதும் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, பர்மா எல்லை மலைகளில் இருந்துவிட்டு, கையும் காலும் முழுசாகத் திரும்பி வந்திருந்தார். போகும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர், வரும்போது அந்தப் பேச்சை மட்டும் எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தார். நாவிதர் கடையிலும் தண்ணீர்க் கிணற்றடியிலும் சந்தையிலும் ஊரே அவரை வளைத்துக்கொண்டு, துப்பாக்கி சுட்டாரா, ஜப்பான்காரனை நேரில் பார்த்தாரா, குண்டு விழுந்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்றெல்லாம் கேட்கும். அவர் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"லாரி ஓட்டுனனுங்க. அவ்வளவுதானுங்க."

ஊருக்கு இது பெரிய ஏமாற்றம். எனக்கு அதைவிடப் பெரிய ஏமாற்றம், ஏனென்றால் மாமாவின் வீரத்தை நான் முன்கூட்டியே வகுப்பில் பலவிதமாக விவரித்து வைத்திருந்தேன்.

ஆனால் அம்மாவின் கவலை வேறு. வெண்ணந்தூரில் ஒரு நூல் வியாபாரியின் மகளை மாமாவுக்குப் பேசியிருந்தார்கள். பெண்ணின் பெயர் நாச்சம்மாள். மாப்பிள்ளையைப் பார்க்க வந்த அவளுடைய அப்பா, பலகாரம் சாப்பிட்டுவிட்டு, மரியாதைக்கு யுத்தத்தைப் பற்றி விசாரித்தார். மாமா தம் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் அப்பா மறுபடி வேறு மாதிரியாகக் கேட்டார். மாமா அதற்கும் அதையே சொன்னார். "கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க" என்று வந்தவர்கள் எழுந்துபோனார்கள். அதற்கப்புறம் சேதி ஒன்றும் வரவில்லை. வேறொரு சேதிதான் சுற்றி வளைத்து வந்தது: பட்டாளத்தில் பயந்து மாப்பிள்ளைக்குப் புத்தி கலங்கிப் போயிருக்கிறது, அதனால்தான் வாயைத் திறப்பதில்லை என்று வெண்ணந்தூரில் யாரோ சொல்லிவிட்டார்களாம். அம்மா அதைக் கேட்ட நாளிலிருந்து சோற்றுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவாள். "வளத்தது நானு. கெட்ட பேரு எனக்குன்னா தாங்கிக்குவேன், அவனுக்குன்னா எப்படித் தாங்குவேன்" என்று தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அழுவாள்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, எங்கள் பர்மா யுத்தம் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் கனஜோராக நடந்துகொண்டிருந்தது. ஏரிக் களிமண்ணில் சிப்பாய்கள் செய்தோம். நம்மவர்களுக்குக் காவி, எதிராளிகளுக்குச் சுண்ணாம்பு. எல்லார் கையிலும் தீக்குச்சித் துப்பாக்கி. உத்தரத்திலிருந்து தறியின் பாவு நூலில் காகித விமானங்கள் தொங்கின. பாதிப் பேரைச் செத்துக் கிடப்பவர்களாகச் செய்துவிட்டோம். அவர்களை நிற்கவைக்கிற சிரமம் இல்லை என்பது ஒரு சௌகரியம். குங்குமத்தைக் கரைத்துத் தாராளமாக ரத்தம் ஊற்றினோம். அட்டையில் ஒரு லாரியும் செய்தோம், ஆனால் அதற்குச் சக்கரம் ஒட்ட வரவில்லை. எப்படி வைத்தாலும் வண்டி ஒருச்சாய்த்துப் படுத்துக்கொண்டது. நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தேன்.

மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து எங்கள் போர்க்களத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை பேரும் எப்ப அம்மிணி சோறு திம்பாங்க?" என்று கேட்டார்.

யுத்தத்தில் சோறு தின்பார்கள் என்பதே எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. அவர் குங்குமத்தில் கிடந்த ஒரு சிப்பாயை எடுத்து, விரலை நனைத்து இடுப்பை இளக்கி, மெதுவாக நிமிர்த்தி உட்கார வைத்தார்.

"மாமா, அவன் செத்துட்டான்" என்றேன்.

"இருக்கட்டும். வேலை நெறையக் கெடக்குது, எந்திரிக்கட்டும்."

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கிடந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பள்ளிக்கூடம் விட்டபின் மாமா வந்தார். அட்டை லாரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி, நூல் கட்டையை வில்லைகளாக அறுத்துச் சக்கரம் மாட்டி, மேலே காடாத் துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துத் "தார்ப்பாய்" போர்த்தி, மூக்கும் முழியுமாக ஒரு பட்டாளத்து லாரியைச் செய்தார். அதைக் கொண்டுபோய், பயிர்க்காட்டுக்கு நடுவே வெட்டிய மலைப்பாதையில், கூழாகக் குழைத்த சேற்றில் அச்சு வரைக்கும் அழுத்தினார். அவ்வளவு அழகான லாரியைச் சேற்றில் போடுவார்களா? விமானங்களையும் மாமா எடுத்துவிடப்போகிறார் என்று தெரிந்ததும் செல்லம்மா அழுதேவிட்டாள். சமாதானத்துக்காக ஒரே ஒரு விமானம் தங்க அனுமதி கிடைத்தது.

பிறகு சேற்றைச் சுற்றி ஆட்கள் வந்தார்கள். லாரியைப் பின்னாலிருந்து தள்ளுகிறவர்கள். தள்ளுகிறபோது வழுக்கிக் குப்புற விழுந்து, முகமெல்லாம் சேறான வெள்ளைக்கார ஆபீசர். கயிறு கட்டி இழுத்தும் நகராமல் நிற்கிற கோவேறு கழுதை. அதன் காதில் ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருக்கிற ஒருத்தன். இந்த அமர்க்களத்தில் ஜன்னல் வழியாகக் காலை வெளியே நீட்டிக்கொண்டு தூங்குகிற டிரைவர். ஒரு தார்ப்பாய்த் துண்டின் கீழே தகர டின்னை அடுப்பில் ஏற்றி டீத்தண்ணி போடுகிற ஒருவன். அந்த டீக்காரனை மட்டும் மாமா எங்களிடம் விடாமல் தாமே செய்தார். வெற்றிலை அடக்கிய கன்னம் ஒன்று புடைத்திருக்க வேண்டும் என்று திருப்பித் திருப்பித் திருத்தினார். பெயர் கேட்டோம். "வேலூரான்" என்றார். பரமத்தி வேலூர் ஆள். அவன் எங்கே போனாலும் ஈரத்துணியில் வெற்றிலைக்கட்டைச் சுற்றிக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வருவான் என்றும், ஒரு தடவை அந்தக் கட்டு முழுவதையும் கழுதை தின்றுவிட்டதற்காகக் கழுதையோடு பேசாமல் இருந்தான் என்றும் சொன்னார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வாயைத் திறக்காத மாமா, கையில் களிமண் இருக்கும்போது மட்டும் பேசுகிறார் என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு ஆளையும் "இவன் ஏன் மாமா இப்படி நிக்கறான்?" என்று கேட்டால் போதும், ஒரு கதை வரும்.

கொலு தொடங்கிய முதல் நாளே சங்கடம் வந்தது. தலைமை ஆசிரியை அம்மாள் எங்கள் காட்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தூங்குகிற டிரைவரிடம் வந்து நின்றுவிட்டார். சரஸ்வதிக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு ஒருவன் தூங்குவது அடுக்காது, ஒன்று அவன் போகவேண்டும், இல்லையானால் யுத்தமே போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மாமா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, டிரைவரை உருவித் திருப்பி, தலை வெளியே தொங்க, கால் உள்ளே போகும்படி வைத்தார். தலைகீழாகத் தொங்கிய அவனைப் பார்த்து அந்த அம்மாளே சிரித்துவிட்டார்.

சாயங்காலமானால் ஊர் கொலு பார்க்க வரும். நானும் செல்லம்மாவும் ஆளுக்கொரு குச்சியை வைத்துக்கொண்டு கதை சொல்வோம். "எங்க அம்மிணி சண்டை?" என்று ஏமாந்து கேட்ட ஆண்கள்கூட, கழுதைக்கு வரும்போது சுண்டலை மறந்து நின்றார்கள். சேறு காய்ந்துவிட்டால் கதையே கெட்டுவிடும் என்பதால், தினமும் மாமா வந்து தண்ணீர் விட்டுக் குழைப்பார்.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள், அவர் அப்படிக் குழைத்துக்கொண்டிருந்தபோது நாச்சம்மாள் வந்தாள். அடுத்த தெருவில் இருந்த தன் சித்தியின் வீட்டுக்கு வந்தவள், சித்தியோடு கொலு பார்க்க வந்திருக்கிறாள். எனக்கு அவளைத் தெரியாது. அவளை அழைத்து வந்த சித்தியைத் தெரியும், அதனால் யாரென்று ஊகித்துவிட்டேன். மாமாவுக்கு நாங்கள் நின்ற பக்கம் முதுகு. நான் படபடவென்று கதையைச் சொல்லி முடித்தேன். அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இதுவரைக்கும் யாருமே கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"அந்த லாரி சேத்துல இருந்து வந்துச்சா, இல்லியா?"

மாமா அதைச் சொன்னதே இல்லை. முழங்கை வரைக்கும் சேற்றோடு அவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் யாரென்று புரிந்திருக்க வேண்டும், காதுமடல் சிவந்துபோயிற்று.

"வரலைங்க" என்றார்.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சித்தி அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் நகரவில்லை, இன்னும் மீதி இருக்கிறது என்று தெரிந்தவள்போலக் காத்து நின்றாள். மாமா சேற்றைப் பார்த்துக்கொண்டே தொடங்கினார். வண்டியில் இருந்தது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய மருந்து. அதனால் வண்டியை விட்டுவிட்டுப் பெட்டிகளை எல்லாரும் தலையில் சுமந்துகொண்டு மலை ஏறினார்கள். குப்புற விழுந்த ஆபீசரும் ஒரு பெட்டி சுமந்தார். காலியான கையோடு யாரும் ஏறக்கூடாது என்று டீக்காரன் டீ டின்னையும் சுமந்தான். ஆளெல்லாம் ஏறின பிறகு, யாரும் கூப்பிடாமலே, அந்தக் கழுதை பின்னாலேயே வந்தது. மழைக்காலம் கழிந்து அதே பாதையில் திரும்பியபோது லாரி அங்கேயே நின்றிருந்தது.

"கொடி ஏறி மூடிக் கெடந்துச்சுங்க. ஒண்ணும் வேலை செய்யலை. ஆரன் மட்டும் அடிச்சுச்சுங்க. பட்சியெல்லாம் எந்திரிச்சுக் காடே பறந்துருச்சு."

நாச்சம்மாள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் நிற்காத சிரிப்பு. மாமாவும் சிரித்தார். பட்டாளத்திலிருந்து வந்தபின் அவர் பல் தெரியச் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னதும் அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். நிச்சயமாகாத பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்கூடின இடத்தில் நின்று பேசிச் சிரித்தார்கள் என்றால் வெண்ணந்தூர்க்காரர்கள் இனி இந்தத் திசைக்கே திரும்ப மாட்டார்கள் என்று நினைத்தாள். விஜயதசமி முடிந்து ஒரு காலை, பெண்ணின் அப்பா தாமே வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அம்மா கதவோரம் போய் நின்றுகொண்டாள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்:

"புள்ளை ஒரே புடியா நிக்குதுங்க. பேசாத மாப்பிள்ளைன்னு சொன்னீங்க, கேக்கறபடி கேட்டா நல்லாத்தான் பேசறாருன்னு எங்கிட்டயே சண்டைக்கு வாரா. தை மாசம் கண்ணாலத்த வெச்சுக்கலாமுங்களா?"

அன்றைக்கு அம்மா சாப்பிட்ட சோற்றை அப்பா வெகுகாலம் சொல்லிச் சிரிப்பார்.

கொலு கலைத்த அன்று களிமண் ஆட்களை எல்லாம் ஏரியில் கரைத்தோம். டீக்காரனை மட்டும் மாமா துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். தாமே செய்ததால் ஆசையாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உண்மைக் காரணத்தை நாச்சம்மாள் அத்தை எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து, மாமா போய்ச் சேர்ந்தபின். அந்த வேலூரான் மலையிலிருந்து திரும்பவில்லை. ஊர் வந்த நாளிலிருந்து அவன் தாயைப் போய்ப் பார்க்க மாமா புறப்படுவதும், பஸ் ஏறும் இடம் வரைக்கும் போய்த் திரும்பிவிடுவதுமாக இருந்தாராம். கலியாணம் ஆன மாதத்தில், அத்தையையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பொம்மையோடு பரமத்தி வேலூருக்குப் போயிருக்கிறார். வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய வீடு. மலையில் அவன் டீ போட்டதை மாமா சொல்லக் கேட்ட அந்தத் தாய், பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, புடைத்த கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுப்புப் பக்கமே வர மாட்டானே சாமி, டீத்தண்ணி நல்லாப் போடுவானா?" என்று கேட்டாளாம்.

"வாயில வெக்க முடியாதுங்க. சக்கரையை அள்ளிப் போட்டுருவான்" என்றாராம் மாமா.

அந்தத் தாய் சிரித்துக்கொண்டே அழுதாள் என்று அத்தை சொன்னாள்.

இப்போது அத்தையும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கூடத்தை இடித்து மாடிக் கட்டடம் கட்டிவிட்டார்கள். வேலூரானின் சொந்தப் பெயர் என்ன என்று நான் அத்தையிடம் கேட்டுவைக்கவில்லை. இனிக் கேட்பதற்கும் யாரும் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், டீயில் இனிப்பு ஒரு கை கூடிவிட்டால், முதல் வாய் குடித்தவர்கள் முகத்தைச் சுளித்து "வேலூரான் டீ" என்பார்கள். பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது ஒரு ஆள் என்று அவர்களுக்குத் தெரியாது.