வட்டம் போட்ட பிள்ளையார்

வீரம்மாளின் வலது கைச் சுண்டுவிரல் நிமிராது. ஏழு வயதில் கரும்பு வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டு வளைந்தது, அப்படியே நின்றுவிட்டது. பீங்கான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபின் அந்த விரலுக்கு ஒரு உபயோகம் கிடைத்தது. பிள்ளையார் பொம்மைக்குத் தும்பிக்கையைத் தனியாக வார்த்து ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தில் அந்த வளைந்த விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள். நெல் அளவுக்கு ஒரு பள்ளம் விழும். அப்படி அழுத்திய தும்பிக்கை காயும்போது விலகாது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாகக் கண்டுகொண்டது.

விருத்தாசலத்தில் அந்தக் கம்பெனிக்கு அவள் வந்தது எண்பத்தாறில். ஆற்றுக்கு அக்கரையில் காலனி. அங்கிருந்து நடந்தே வருவாள். காலை ஏழரைக்கு கேட்டுக்கு வெளியே முப்பது பேர் நிற்பார்கள். சூப்பர்வைசர் சாமிதுரை வந்து, "நீ வா, நீ வா, நீ நாளைக்கு வா" என்று விரலை நீட்டுவார். ஊர்த்தெருப் பெண்கள் அவருக்கு அத்தை மகளோ அண்ணன் மகளோவாக இருந்தார்கள். அவர்களை விரல் தாண்டியதில்லை. காலனியிலிருந்து வந்த நாலு பேரில் இரண்டு பேராவது தினமும் திரும்பிப் போனார்கள். வீரம்மாளின் கை வேகத்துக்காக அவளை மட்டும் பெரும்பாலும் உள்ளே விட்டார்.

"ஏ வீரம்மா, உன் கை பட்ட புள்ளையாரதான் மெட்ராஸ்ல பூஜை ரூம்ல வச்சு கும்புடறாங்க, தெரியுமா?" என்பார் சாமிதுரை.

"அப்படிங்களா ஐயா."

"பயப்படாத. ஆயிரத்து எரநூறு டிகிரில வெந்துதான போவுது. தீட்டு எங்க நிக்கும்?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் குனிந்தபடி சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டி வரும்.

பொம்மையின் அடியில் ஒவ்வொருத்தியும் ஊசியால் தன் குறியைக் கீறவேண்டும். வீரம்மாளுக்குப் பெருக்கல் குறி. பக்கத்துப் பலகையில் உட்கார்ந்த திரௌபதிக்கு வட்டம். திரௌபதிக்கு அப்போது பத்தொன்பது வயது. சாமிதுரையின் தங்கை மகள். தகப்பன் செத்தபின் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து மாமன் வீட்டில் இருந்தாள். தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவளை "வீரம்மா" என்றுதான் கூப்பிடுவாள். அது அங்கே வழக்கம், இருவருக்குமே உறைத்ததில்லை.

சூளை திறக்கிற நாளில் உடைந்ததைக் குறி பார்த்துப் பிரிப்பார்கள். கரும்பலகையில் பெயருக்கு நேராக உடைசல் எண்ணிக்கை ஏறும். வீரம்மாள் பெயருக்கு எதிரே எப்போதும் பெரிய எண்.

"உன் கை சூட்டுக்கை. மண்ணுக்கு ஆவாது" என்பார் சாமிதுரை.

அதை அவள் நம்பினாள், ஐந்து வருஷம் நம்பினாள். அச்சில் வார்க்கிற மண்கூழை இன்னும் கெட்டியாக ஊற்றிப் பார்த்தாள். அச்சிலிருந்து கால்மணி நேரம் தாமதித்து எடுத்துப் பார்த்தாள். வேலை தொடங்குமுன் பச்சைத் தண்ணீரில் கையை நனைத்து வைத்துக்கொள்வாள். வீட்டில் குழம்புச் சட்டி விரிந்தால்கூடத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். புருஷன் காத்தவராயன், "சட்டி ஒடைஞ்சா சட்டி ஒடைஞ்சிதுன்னு வுடு, கையில என்னாத்த பாக்குற?" என்று எரிந்துவிழுவான்.

தொண்ணூற்றொன்று ஆவணியில் முதலாளி சென்னையிலிருந்து வந்து எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: வார்ப்புப் பெண்களில் ஒருத்தியை நிரந்தரமாக்கப் போகிறோம். சாதி, சொந்தம் எதுவும் பார்க்கமாட்டேன். அடுத்த மூன்று சூளையில் யாருக்கு உடைசல் குறைவோ அவளுக்கு வேலை. மூன்றாவது சூளையைத் திறக்கும்போது நானே வருவேன்.

நிரந்தரம் என்றால் கேட்டில் நிற்கவேண்டாம். யார் விரலையும் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். அது ஒன்றுதான் வீரம்மாளுக்கு வேண்டியிருந்தது.

முதல் சூளையில் அவளுடைய நாற்பதில் பதினேழு உடைந்தது. திரௌபதிக்கு மூன்று.

இரண்டாவது சூளை அடுக்குகிற அன்று சுமை ஆள் வரவில்லை. பலகைகளைச் சூளைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வீரம்மாளை அனுப்பினார்கள். அதுவரை அவள் உள்ளே போனதில்லை. அடுக்குகிறவர் கலியபெருமாள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். ஒவ்வொரு பொம்மையாக வாங்கினார், கவிழ்த்து அடியைப் பார்த்தார், பிறகு வைத்தார். வட்டம் போட்டது நடுவில் போயிற்று. பெருக்கல் போட்டது, எண்ணெய்த் தீ நேராகப் பாய்கிற தீவாய்க்கு எதிரே போயிற்று. இன்னும் இரண்டு காலனிப் பெண்களின் பொம்மைகள் அதற்குப் பக்கத்தில். வீரம்மாள் பலகையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"தீவாயண்ட வச்சா வெடிக்காதுங்களா ஐயா?"

கலியபெருமாள் நிமிரவில்லை. "அங்கயும் எதையாவது வச்சுதான ஆவணும்."

"எப்பவும் என்னுதுங்களா?"

"என்ன ஏன் கேக்குற புள்ள? சொல்றாங்க, அடுக்குறேன். எனக்கும் வூட்ல அடுப்பு எரியணும்."

அன்று மாலை ஆற்றைக் கடக்கும்போது வீரம்மாள் மணலில் உட்கார்ந்து கையை விரித்துப் பார்த்தாள். ஐந்து வருஷமாகத் திட்டிய கை. கோபம் வரவில்லை. கையைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இரண்டாவது சூளையில் பத்தொன்பது உடைந்தது. இனி அவளுக்கு வேலை கிடைக்க வழியில்லை, முதலாளிக்கு உண்மை தெரிந்தால் ஒழிய. வெறுமனே சொன்னால் யார் நம்புவார்கள்? காட்டவேண்டும் என்று நினைத்தாள்.

மூன்றாவது சூளைக்கான பொம்மைகள் கொட்டகையில் பாதி காய்ந்திருந்தன. மத்தியானம் ஊர்த்தெருப் பெண்கள் வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போனார்கள். காலனிக்காரர்கள் சாப்பிடுகிற இடம் கல் அரைக்கிற மில்லுக்குப் பின்னால். வீரம்மாள் அங்கே போகாமல் கொட்டகைக்குள் நுழைந்தாள். ஈரத்துணியால் தன் நாற்பது பொம்மையிலும் பெருக்கலைத் தேய்த்து அழித்து வட்டம் கீறினாள். திரௌபதியின் நாற்பதில் வட்டத்தை அழித்துப் பெருக்கல் கீறினாள். தும்பிக்கையில் தன் விரல்பள்ளம் இருக்கிறது, அதைக் காட்டினால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லாவற்றையும் யோசித்தவள் ஒன்றை யோசிக்கவில்லை: அந்தக் கம்பெனியில் ஆளுக்கு அடையாளமே குறிதான். அடுத்தவள் குறியைத் தொடுவது அங்கே திருட்டைவிட மோசம்.

சூளை திறந்த அன்று முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வட்டம் போட்ட நாற்பதும் முழுசாக வெளியே வந்தன. பெருக்கல் போட்டதில் இருபத்திரண்டு உடைந்து வந்தது.

"சபாஷ்" என்றார் முதலாளி. "யாரு இந்த திரௌபதி?"

வீரம்மாள் முன்னால் வந்தாள். "ஐயா, அது நான் செஞ்சதுங்க. தும்பிக்கைல பாருங்க, என் வெரலு பதிஞ்சிருக்குது. ஒடைஞ்சதுதான் திரௌபதி பாப்பா செஞ்சது. குறிய நான்தான் மாத்துனேன். குறியப் பாத்து என்னுத தீவாயண்ட வைக்கிறாங்க. அத காட்டத்தான் மாத்துனேன்."

முதலாளி ஒரு பிள்ளையாரை எடுத்துத் திருப்பினார். "வட்டம்தானே இருக்கு?"

"பள்ளத்த பாருங்க ஐயா."

"கையால செய்யறதுல பள்ளம் மேடு இருக்கத்தான் செய்யும்." கலியபெருமாளைப் பார்த்தார். "குறி பாத்தா அடுக்குற?"

கலியபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இல்லீங்க. கைக்கு வந்தத வைக்கிறதுங்க."

"நீ சொல்லும்மா" என்று முதலாளி திரௌபதியிடம் கேட்டார். அவள் மாமனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா சார்?" என்றார் சாமிதுரை, மெதுவாக. "எடம் குடுத்தா இப்படித்தான். அடுத்தவ ஒழைப்ப தன்னுதுங்கறா. அப்படியே நெசம்னாலும் குறிய அழிச்சவள உள்ள வச்சிக்கலாமா?"

அந்தக் கடைசி வார்த்தைக்கு முதலாளி தலையசைத்தார். திரௌபதிக்கு நிரந்தரம் ஆயிற்று. முதலாளி மனசு இளகி வீரம்மாளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை, மில் கொட்டகைக்கு மாற்றினார். வெள்ளைக் கல்லை அரைத்துத் தூளாக்குகிற இடம். வாயில் முந்தானையைக் கட்டிக்கொண்டு ஐந்தரை வருஷம் அங்கே வேலை பார்த்தாள். வட்டம் போட்ட அந்த நாற்பதில் ஒரு பிள்ளையார் ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் மாதிரிக்காக நின்றது. புதிதாக வருகிற பெண்களிடம், "திரௌபதி செஞ்சது மாதிரி செய்யணும்" என்று அதைக் காட்டினார்கள். கல் மூட்டைக் கணக்குச் சொல்ல ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் வீரம்மாள் அலமாரிப் பக்கம் திரும்பாமல் வருவாள்.

தொண்ணூற்றேழில் இருமல் படுக்கையில் தள்ளியது. கடலூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படத்தைத் தூக்கிப் பிடித்து, "கல்லு வேலையா?" என்று கேட்டார்கள். திரும்பி வந்தபின் அவள் வாசலைத் தாண்டவில்லை.

தை மாசத்தில் ஒருநாள் திரௌபதி வந்தாள். ஊர்த்தெருப் பெண் காலனிக்குள் வருவதைப் பார்க்கக் குழந்தைகள் பின்னாலேயே வந்தன. கல்யாணமாகித் திட்டக்குடிக்குப் போகிறாள், வேலையை விட்டுவிட்டாளாம். பையிலிருந்து அந்தப் பிள்ளையாரை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"ஞாபகத்துக்கு என்னா வேணும்னு கேட்டாங்க. இத கேட்டேன்" என்றாள். தும்பிக்கையைத் தொட்டுக் காட்டி, "அக்கா, அன்னைக்கே எனக்குத் தெரியும். இந்தப் பள்ளம் எனக்கு வராது" என்றாள்.

அவள் அக்கா என்று சொல்லி வீரம்மாள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அன்னைக்கு சொல்லியிருக்கலாமே பாப்பா."

"மாமா வூட்டு சோத்த தின்னுகிட்டிருந்தேன்க்கா."

வீரம்மாளுக்கு இருமல் வந்தது. இருமல் ஓய்ந்தபின் பொம்மையை மடியில் கவிழ்த்தாள். தலைமாட்டில் கோணி தைக்கிற ஊசி ஒன்று இருந்தது. அதை எடுத்து வட்டத்துக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள், அதன் குறுக்கே இன்னொன்று. ஊசியின் கருப்பு லேசாகப் பதிந்தது. கட்டைவிரலால் தடவினாள், போய்விட்டது.

"வெந்ததுல கீறல் வுழாதுக்கா" என்றாள் திரௌபதி, அழுதுகொண்டே.

"தெரியும்" என்றாள் வீரம்மாள். மறுபடியும் ஊசியை வைத்து அழுத்தி இழுத்தாள்.