வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு

குசினியில் நான் சுண்ணாம்புத் தண்ணீரில் சோளம் அவித்துக்கொண்டிருந்தேன். மணத்துக்கு மகள் குடும்ப மரம் கீறிய தாளோடு வந்தாள்.

"அப்பா, உங்கடை அம்மா எந்த ஊர்?"

அம்மா மெக்சிக்கோக்காரி. கப்பலில் போன அப்பா அங்கே கட்டிக்கொண்டு வந்தவர். எனக்கோ வெட்கம், பள்ளிக்கூடத்தில் "அம்மா கொழும்பு" என்றே சொல்லித் திரிந்தேன்.

சோளத்தைத் தோல் கழர அவிக்க, எங்களோடிருந்த அப்பாவின் தங்கை, மாமியின் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பை அம்மா வழித்தெடுப்பா. "பிள்ளையளின்ரை வயிறு வெந்துபோகும்!" என்று மாமி கத்துவா. பிறகு அந்தச் சோளத்தை அரைத்து அம்மா சுட்ட ரொட்டியை மீன் குழம்பில் தோய்த்து மூன்று தின்னுவா.

ஒருநாள் வீட்டுக்கு வந்த பள்ளிக்கூடக் கூட்டாளி, "கொழும்பு ரொட்டி நல்லாயிருக்கு" என்றான்.

மாமி சீறினா. "கொழும்போ? ஆரடா சொன்னது? எங்கடை மச்சாள் மெக்சிக்கோ!"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"மெக்சிக்கோ எண்டு எழுது பிள்ளை," என்றேன் மகளிடம். "பெரிசாய் எழுது. இல்லாட்டி செத்துப்போன மாமி மேலோகத்திலையிருந்து இறங்கி வந்திடுவா."