கார் ஷெட்டில் குடியிருந்தவர்

எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலை இடித்துக் கட்டுவது என்று முடிவானதும், அதுவரை பிள்ளையாரை எங்கே குடிவைப்பது என்ற கேள்வி வந்தது. கோயில் வேலை நடக்கும்போது சாமியை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். மந்திரம் சொல்லி, கல்லில் இருப்பவரைக் குடத்துத் தண்ணீருக்கு அழைத்து, அங்கிருந்து படம் எழுதிய மரப்பலகைக்கு மாற்றி, வேலை முடியும்வரை அந்தப் பலகைக்குப் பூஜை செய்வார்கள். பாலாலயம் என்று பெயர். பெரிய கோயிலென்றால் பிராகாரத்திலேயே ஒரு மூலை கிடைத்துவிடும். எங்கள் பிள்ளையாரின் மொத்த சொத்தே ஒரு ஏ.டி.எம். அறை அளவுதான்.

செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் காலியான கார் ஷெட் வைத்திருந்தவன் நான் ஒருவன். காரை விற்றாகிவிட்டது. மனைவியின் ஸ்கூட்டி மட்டும் அங்கே நின்றது. அவள் இறந்தபின் அதை யாரும் ஓட்டவில்லை. வீட்டில் மனிதக் குரல் என்றால் டி.வி.யில் செய்தி வாசிப்பவர் குரல்தான். அவருக்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்திருந்த நேரம் அது.

கோயில் கமிட்டிச் செயலாளர் வந்து நின்றார். ஏரித் தண்ணீரில் நெல் விளைத்த குடும்பம், இப்போது அதே நிலத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறது.

"ரெண்டு மாசம்தான் சார். உங்களுக்கு நம்பிக்கை இல்லேன்னு தெரியும். பரவாயில்ல, கூரை இருக்குல்ல."

நம்பிக்கை இல்லை என்பது உண்மை. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இடிக்கும் மின்னலுக்கும் பயந்தவன் கடவுளை உண்டாக்கினான், போரில் செத்தவனுக்கு நட்ட கல் சாமியானது, ராஜாக்கள் வந்ததும் சாமிக்கும் அரண்மனை, குளியல், ஊஞ்சல் எல்லாம் வந்தன, அந்தத் தடபுடலில் சலித்தவர்கள் வெளியே தேடாதே, உள்ளே பார் என்றார்கள். இதையெல்லாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொண்டு, பரீட்சையன்று இதே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போவார்கள்.

மனைவி கிருத்திகைதோறும் குன்றத்தூர் முருகனைப் பார்க்கப் போவாள். நான் அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேன். கடவுளைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரிந்தது, அவள் இறங்கி வரும்வரை நான் குடித்த டீ மட்டும்தான். ஆனாலும் செயலாளரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று தோன்றியது. இல்லாதவளுக்குப் பயப்படுகிற நான், இல்லாத கடவுளுக்கு இடம் தர மறுப்பதில் என்ன நியாயம்?

ஸ்கூட்டியைப் பின்பக்கம் தள்ளினேன். பிள்ளையார் குடியேறினார்.

முதல் வாரம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. விடிவதற்குள் குருக்கள் மொபெட்டில் வந்து மணி அடித்தார். பால்காரர் முதல் ஐ.டி. பெண்கள் வரை கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனார்கள். சீரியல் லைட் போட வந்த எலெக்ட்ரீஷியன் ஸ்டூலில் ஏறி நின்று, "எங்க அல்லாவுக்கு உருவமே கெடையாது சார். இந்த ஷிப்டிங் பேஜாரே இல்ல" என்றார். பிறகு பலகைப் பக்கம் பார்த்து, "இவரு மேல தண்ணி ஊத்துவாங்கல்ல, பிளக்கை ஒசரத்துல வெச்சிட்டேன்" என்று சொல்லி இறங்கினார்.

எதிர்வீட்டு நர்ஸம்மா ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நான் அலுத்துக்கொண்டதைக் கேட்டு என்னைத்தான் தேற்றினார்.

"எங்க ஆண்டவருக்கு மாட்டுக் கொட்டகைதாண்ணா கெடச்சுது. கார் ஷெட்டு எவ்வளவோ மேல்."

உண்மையில் கோபப்பட்டவர் ஒருவர்தான். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா. சாமி இருக்கும்வரை என் வீட்டில் கவிச்சி கூடாது என்று கமிட்டி சொல்லியிருந்தது. கேட்டுக்கு வெளியே கூடையோடு நின்று உள்ளே முறைத்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, இவரு வந்து குந்திகினு என் பொயப்புல மண்ணு போட்டாரு. எங்க ஊரு அம்மனுக்கு மீன் கொயம்பு வெச்சுதான் படைப்போம். அது ஒண்ணும் சொல்லாது."

"எனக்கும் சங்கரா மீன் சாப்பிடணும் போலத்தான் இருக்கு. நான் யார்கிட்டச் சொல்றது?"

"அவராண்டயே சொல்லு."

அதன்பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. கூடையை எதிர்வீட்டு வாசலில் இறக்கி, நர்ஸம்மாவைப் பூனைக்குக் காவல் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து ஷெட்டில் உட்கார்ந்தார். தரையில் உட்கார அவருக்கு முட்டி வலி. மொட்டை மாடியில் மனைவி வடாம் காயப்போடும் பெஞ்சு ஒன்று வெயிலில் கிடந்தது. அதைத் தூக்கி வந்து போட்டேன். பெஞ்சு வந்ததும் நர்ஸம்மாவும் வந்து உட்கார்ந்தார். பூனைக்கு அன்று நல்ல காலம். உட்கார்ந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் எப்படி? மெல்ல மெல்ல நான் காலை ஐந்தரைக்கே எழுந்து, குளித்து, பெரிய பாத்திரத்தில் பால் வைக்கிறவனாகிவிட்டேன். டி.வி.யைப் போட்டுப் பல நாளாகியிருந்தது.

ஒருநாள் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கத் தெருமுனைக்குப் போனேன். பழைய கல் பிள்ளையார் சாக்குப் போர்த்தி நின்றார். அவர் தலையில் மேஸ்திரி தன் சட்டையை மாட்டியிருந்தார்.

"இப்ப இது வெறுங்கல்லுதான் சார்" என்றார் மேஸ்திரி.

வாழ்நாள் முழுக்க நான் சொன்ன வசனம் அது. அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது சுருக்கென்று இருந்தது. "அதுக்காக சட்டையை மாட்டுவீங்களா, ஆணி இல்லையா?" என்று கத்திவிட்டு வந்தேன். வரும் வழியில்தான் இன்னொன்று உறைத்தது. கோபுரம் முடிந்துவிட்டது. தரை போட்டால் பிள்ளையார் என் ஷெட்டிலிருந்து கிளம்பிவிடுவார்.

அந்த வாரக் கமிட்டிக் கூட்டத்தில் கூப்பிடாமலேயே போய் உட்கார்ந்தேன். தரைக்கு டைல்ஸ் என்றார்கள். எண்ணெய் சிந்தினால் வழுக்கும், கிரானைட்தான் சரி என்றேன். டைல்ஸ் கடைக்காரரே செயலாளராக இருக்கும் கமிட்டியில் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் சொன்னேன். கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. வேலை நின்றது. சமாதானம் ஆனபோது மழைக்காலம் வந்திருந்தது. ஈரத்தில் தரை போட்டால் பெயர்ந்துவிடும், மழை விடட்டும் என்றேன். செயலாளரே என் கையைப் பிடித்து, "சார் மாதிரி அக்கறை எங்களுக்கே இல்ல" என்றார்.

குருக்களை ஏமாற்ற முடியவில்லை. ஒரு மழைநாள் காலை, விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே கேட்டார்.

"சார், பிள்ளையார் வீட்டுக்குப் போறதுல உங்களுக்கு இஷ்டமே இல்லைபோல இருக்கே?"

"அவருக்கு இங்க என்ன குறை?" என்றேன்.

குருக்கள் சிரித்தார். "அவருக்கு ஒண்ணும் குறையில்ல" என்று மட்டும் சொல்லி விபூதியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எங்கே பூசுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. மழை பெய்துகொண்டிருந்ததால் கொஞ்சம் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மழை விட்டது. தரை போட்டார்கள், கடைசியில் டைல்ஸ்தான். நல்ல நாள் பார்த்து மேளம் கொட்டி அழைத்துப் போனார்கள். கும்பத்துத் தண்ணீரைத் தெளித்தபோது எல்லோரோடும் நானும் தலையை நீட்டினேன். கல் மறுபடி சாமியானது. மேஸ்திரி புதுச் சட்டையில் வந்து விழுந்து கும்பிட்டார்.

மறுநாளும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது. கேட்டைத் திறந்து வைத்தேன். யாருக்கு என்று கேட்டால் எனக்கும் தெரியாது. ஷெட்டில் எண்ணெய்க் கறையும் வாடிய அருகம்புல்லும் கிடந்தன. கூட்டிப் பெருக்கினேன். மொபெட் சத்தம் என் வாசலைத் தாண்டித் தெருமுனைக்குப் போயிற்று. ஐ.டி. பெண்களும் போனார்கள், கையை மட்டும் ஆட்டினார்கள். உள்ளே போய் டி.வி. ரிமோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. சரி, ஸ்கூட்டியையாவது பழைய இடத்துக்குக் கொண்டுவருவோம் என்று பின்பக்கம் போனால், அதன் இரண்டு டயரும் காற்றிறங்கிக் கிடந்தன.

முன்பக்கம் கேட் கிறீச்சிட்டது. வந்து பார்த்தேன். மீன்கார அம்மா கூடையோடு நேராக உள்ளே வந்து, அதைப் பலகை இருந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி போயிட்டாரே" என்றேன்.

"அவரு வூட்டுக்கு அவரு போனாரு. பெஞ்சு இங்கதான கீது? சங்கரா கொண்டாந்துகிறேன், டீயப் போடு சார்."

உள்ளே போய் இரண்டு பேருக்குப் பால் வைத்தேன். எதிர்வீட்டுக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.