அணைத்து வைத்த திரை

என் வீட்டுக்காரருக்குப் பார்வை ஒரே நாளில் போகவில்லை. முதலில் ஓரங்கள் மங்கின, பிறகு நடுவும் போய்விட்டது. குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. குழாயில் காற்றுதான் வருகிறது என்று ஒருவர் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதியிருந்தாலும், அந்த ஆள் அடங்கிப் போகிற மாதிரி பதில் எழுதிவிடுவார். என்னைச் சமாதானப்படுத்திப் பழகிய கை.

பார்வை போனதும் மேலாளர் அவரை டெலிபோன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். நல்ல மனுஷர்தான். "நீங்க சும்மா இருங்க சார், சம்பளம் அதுபாட்டுக்கு வரும்" என்றாராம். அந்தச் 'சும்மா' இவரை அரித்துவிட்டது. தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கும் ஒண்ணும் பண்ணல" என்பார்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று கேட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். விலையைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் அவருடைய நண்பர், வேறோர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர், வீட்டுக்கு வந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார்.

"இதுல என்விடிஏ இருக்கு, வாசிச்சுக் காட்டும். எழுதுறதுக்கு லிப்ரே ஆபீஸ். ரெண்டுக்கும் காசு கிடையாது தங்கச்சி."

"சும்மா கொடுக்க அவங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பல்லை எண்ணாமல் மாட்டை உள்ளே விடமாட்டேன்.

அவர் சிரித்தார். "எங்கள மாதிரி கண்ணு தெரியாதவங்க ஆரம்பிச்சதும்மா இந்த என்விடிஏ. எப்படி எழுதியிருக்காங்கன்னு எல்லாருக்கும் திறந்தே வெச்சிருக்காங்க. தெரிஞ்சவங்க திருத்துவாங்க. நீங்க நாலு பேருக்குக் கொடுத்தாலும் திருட்டு இல்ல."

வீட்டிலிருந்த பழைய கணினியில் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு ஒரு குரல் இருந்தது பாருங்கள், தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி! இவர் அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, இவரோ தலையை ஆட்டி ஆட்டிச் சிரிப்பார். "என்னவாம் அந்தச் சக்களத்திக்கு?" என்று கேட்டால், "நீ கத்துறதுல அவளுக்குக் காது வலிக்குதாம்" என்பார். தட்டச்சு அவருக்கு விரலிலேயே இருந்தது. கொஞ்ச நாளில், கரண்ட் எதற்கு வீண் என்று திரையையும் அணைத்து வைத்துவிட்டே வேலை செய்யப் பழகினார்.

பிறகு மேலாளரிடம் போய்ப் பழைய வேலையைக் கேட்டார். மேலாளர் அரை மனதோடு, "மெயில்ல வந்த புகார் ஒண்ணுக்குப் பதில் எழுதிக் காட்டுங்க, பார்ப்போம்" என்றார். எழுதிவிட்டால் பழைய மேசை. இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை டெலிபோன் நாற்காலிதான்.

அன்றைக்கு நானும் கூடப் போனேன். பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேண்டாத தெய்வமில்லை. இவர் அந்தப் பென் டிரைவைச் செருகி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மளமளவென்று தட்டிக்கொண்டிருந்தார். கடிதம் முடியப் போகிற நேரம், மேலாளர் அறையைவிட்டு வெளியே வந்தார். கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தார். இவர் தட்டுவதைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "போதும் சார், விடுங்க" என்று குனிந்து, மேசைக்கு அடியிலிருந்த சுவிட்சை அணைத்துவிட்டார்.

நான் எழுந்து ஓடினேன். "ஐயையோ! என்ன காரியம் சார் பண்ணீங்க?"

"இல்லம்மா... கம்ப்யூட்டரையே போடாம தட்டிட்டிருக்கார். பார்க்கவே மனசு கேக்கல, அதான்..."

"கண்ணு தெரியாதவருக்கு ஸ்கிரீன் எதுக்கு சார்? அது ஓடிட்டுத்தான் இருந்துச்சு!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. இவர் மட்டும் விசைப்பலகையில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேலாளரே சுவிட்சைப் போட்டார். கணினி மெதுவாக எழுந்தது. இவர் லிப்ரே ஆபீசைத் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு இயர்போனைப் பிடுங்கினார். பாதியில் நின்ற கடிதத்தை மீட்கட்டுமா என்று அந்தத் தகரக் குரல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டது. ஒரு விசையைத் தட்டினார், வேகத்தைக் குறைத்தார். "ஐயா, உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராதது எங்கள் தவறுதான்" என்று அது படிக்க ஆரம்பித்தது. எல்லோரும் மேசையைச் சுற்றி வந்து கேட்டார்கள். கடைசி இரண்டு வரிதான் போயிருந்தது. அதை அங்கேயே தட்டி முடித்தார்.

"அந்த டெலிபோன் நாற்காலியை எடுத்து உள்ள போட்டுடுங்கப்பா" என்றார் மேலாளர்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "இன்னிக்கு என்ன பண்ணீங்க?" என்றேன்.

"அதை ஏன் கேக்குற? ஊரே தண்ணி வரலைன்னு திட்டி எழுதியிருக்கு. குனிஞ்ச தலை நிமிரல. நாளைக்கும் இதே கதைதான்" என்று சலித்துக்கொண்டார்.

வேலை அதிகமென்று அவர் சலித்துக்கொண்டு எவ்வளவு காலமாயிற்று! இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.